இஸ்திரிப் பெட்டியும் மூச்சு மெஷினும்

அண்ணி,

இன்று வெள்ளிக்கிழமை. பூஜை சாமான்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கையோடு சுவிட்சுப் பலகைகளையும் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டு வந்தேன். உள்ளறைப் பலகையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டு. ஓரமெல்லாம் தூசி படிந்து, நடுவில் மட்டும் பளபளப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. நகத்தால் சுரண்டப் போனவள் நிறுத்திக்கொண்டேன். ‘பச்சை, முதல் பியூஸ்’ என்று வாய் தானாகச் சொல்லிற்று. நீங்கள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. என் வாய்க்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் அம்மாள் ஒருநாள் இந்தப் பொட்டைப் பார்த்துவிட்டு, “ஆயுத பூஜைக்கு வெச்சதா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கதை முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும். உங்களிடம் சொல்லலாம். உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் பக்கத்தை நீங்கள் முழுதாகக் கேட்டதில்லை. நான் பேச ஆரம்பித்தாலே, “போதும் போதும், அடுப்பப் பாரு” என்று கையைக் காட்டிவிடுவீர்கள்.

நகரியிலிருந்து நீங்கள் இந்தத் திருச்சானூர் வீட்டுக்கு வந்தது ஒரு மாசி மாதம். நேராக ஊரிலிருந்து வரவில்லை, திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தீர்கள். கல்யாணமாகிப் போன நாள் முதலாகப் பவர்லூம் ஷெட்டில் நின்று, உங்களைக் கட்டிய மாமா செத்த பிறகும் நின்று, பஞ்சுத் தூசியைச் சோற்றோடு சேர்த்துத் தின்று, கடைசியில் நாலு படி ஏற மூச்சு இல்லாமல் போயிற்று. பகல் முழுக்க, முடிந்தால் ராத்திரியும், ஆக்ஸிஜன் மெஷினோடு இருக்கவேண்டும் என்றார் டாக்டர். பிள்ளைகுட்டி இல்லாத தனி வீட்டில் அதை யார் பார்ப்பது? உங்கள் தம்பி, என்னைக் கட்டிய மனிதர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், “எங்க வீட்டுக்குத்தான்” என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் என் கோபம். அந்தக் கோபத்தோடேயே உங்கள் கட்டிலுக்குப் புது விரிப்பும் தைத்துப் போட்டேன்.

மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தவர் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். “தனிப் பாயிண்ட்ல போடுங்கம்மா, அதோட வேற எதையும் சேக்காதீங்க.” நாங்களும் பயபக்தியோடு உள்ளறையில் ஒரு பிளக் பாயிண்டை அதற்கென்றே விட்டோம். பக்கத்தில் செல்போன் சார்ஜர்கூட மாட்டவில்லை. பாயிண்ட் தனியாக இருந்தால் அதற்கு வரும் லைனும் தனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். சுவருக்குள் ஓடுகிற கம்பியை யார் பார்த்தது?

இந்த வீட்டின் காலை நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். எட்டு மணிக்கு மேல் ஒன்பதுக்குள் எல்லாருக்கும் கரண்ட் வேண்டும். முன்னறையில் நான் முதல் நாள் தைத்த ஜாக்கெட்டுகளையெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்குவேன். ஜவுளிக் கடை திறக்கும் முன் ஓடவேண்டிய உங்கள் தம்பி பக்கெட்டில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, குளியலறை வாசலில் துண்டோடு நிற்பார். பங்குனி வெயிலிலும் வெந்நீரில் குளிக்கிற மனிதர் திருப்பதி வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். பிரிட்ஜ் தன் பாட்டுக்கு ஓடும். உள்ளே உங்கள் மெஷின் ‘புஸ்… புஸ்…’ என்று காற்றை இழுத்து இழுத்து உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

முதல் வாரத்திலேயே ஒரு காலையில் பியூஸ் போயிற்று. மின்விசிறி நின்றது பெரிதில்லை. உங்கள் மெஷின் நின்றவுடன் ‘கீ’ என்று கத்தத் தொடங்கியது பாருங்கள், அந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரை உங்கள் தம்பி திறக்கப் போனார். சாவி சிலிண்டர் வாயில் உட்காராமல் நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் நான் வாங்கித் திறந்தேன். நீங்கள் என்னவோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல அமைதியாக உட்கார்ந்திருந்தீர்கள். மூச்சு திரும்பியதும், “இன்னாடா, இதுக்கே மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி? இங்கதானே கீறேன்” என்று அவரைத்தான் தேற்றினீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி போயிற்று. அன்றைக்கு அவர் சாப்பிடாமலே கடைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் போர்டில் என்னவோ செய்தார். இறங்கும்போது முகத்தில் ஒரு வெற்றி. “இனிமே போவாது, பாரேன்” என்றார். சொன்னபடியே போகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். நான் இஸ்திரி போட்டேன், அவர் வெந்நீரில் குளித்தார், பிரிட்ஜ் ஓடிற்று. கரண்டுக்காரர்களுக்குத் தெரியாதது நெசவாளி மகனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நான்கூட மெச்சிக்கொண்டேன்.

பியூஸ் போகாததற்கு இன்னொரு காரணமும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அது யாருக்கும் தெரியாது, உங்களைத் தவிர.

முகூர்த்த நாட்கள் நெருங்கிய சமயம். ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு ஜாக்கெட் கையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புஸ் சத்தம் இல்லை. கரண்ட் இருக்கிறது, என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, மெஷினின் அலாரமும் அடிக்கவில்லை. ஓடி வந்து பார்த்தால், மூக்கில் குழாயோடு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். உதடு நாவல்பழம் தின்ற வாயாக இருந்தது. மெஷின் சுவிட்சு அணைந்திருந்தது.

தலையைத் தூக்கி, “இன்னா, முட்ஞ்சிதா?” என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

நான் சுவிட்சைப் போட்டேன். காற்று வந்து, உதட்டின் நிறம் திரும்புகிறவரை உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். பிறகுதான் கேட்டேன், யார் அணைத்தது என்று.

“நாந்தான். நீ பொட்டிய வெச்சா இது இழுத்துக்கினு ஓடுது. நாலு தறி ஓடச்சொல்ல அஞ்சாவதப் போட்டா அல்லாம் தொய்யுமே, அப்பிடி. காதுக்குத் தெரியாதா எனக்கு? ரெண்டுல ஒண்ணு நின்னாத்தான் பீஸு நிக்கும். உனுக்கு வேலை கீது. எனுக்கு இன்னா வேலை? சும்மா உக்காந்துக்கினு மூச்சு உட்றதுதானே.”

“எத்தினி நாளா?”

நீங்கள் குனிந்து விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தீர்கள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தினமும் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டவுடன், உள்ளே நீங்கள் உங்கள் சுவிட்சைத் தட்டியிருக்கிறீர்கள். என் ஜாக்கெட்டுகள் மடிப்புக் கலையாமல் போனதெல்லாம் உங்கள் மூச்சை நிறுத்தி வைத்த நேரத்தில்தான்.

அழுகை வந்திருக்கவேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. என் குணம் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீடு கேட்கக் கத்தினேன். செத்துக்கித்துப் போயிருந்தால் ஊர் என்ன சொல்லும், நாத்தனாரை இஸ்திரி போட்டே கொன்றாள் என்று நகரி முழுக்கப் பேசுமே என்றேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்லச் சொன்னீர்கள்: “அத்துக்குத்தான் சொல்றேன், நான் நகரிக்கே போய்ட்றேன். இந்த வூடு தாங்குற அளவுக்குத் தாங்குது. நான் வந்து ஜாஸ்தியாப் பூட்டேன். ஞாயித்துக்கிழமை தம்பி வூட்ல இருப்பான், சொல்லிட்டுக் கெளம்பறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணிப்பை கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நகரியில் அந்த வீட்டில் தனியாக, கரண்ட் போனால் சிலிண்டர் திறக்க ஆளில்லாமல், எத்தனை நாள் இருப்பீர்கள் என்பது நம் இரண்டு பேருக்குமே தெரியும். உறவைச் சொல்லி உங்களைத் தடுக்க முடியாது. ‘உங்களுக்குச் செய்வதில் எனக்கு என்ன கஷ்டம்’ என்கிற பேச்செல்லாம் உங்கள் காதில் ஏறாது. நீங்கள் ஜாஸ்தி இல்லை என்று காட்ட எனக்குக் கணக்கு வேண்டியிருந்தது, நீங்கள் மறுக்க முடியாத கணக்கு.

மெஷின் கொண்டுவந்தவருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மெயினை அணைத்துவிட்டு ஒரு பியூஸ் கட்டையைக் கழற்றுங்கள், மறுபடி மெயினைப் போடுங்கள், வீட்டில் எதெதெல்லாம் வேலை செய்யவில்லையோ அதெல்லாம் ஒரே லைன். அந்த லைனில் ஒரே நேரத்தில் ஓடுகிற சாமான்களின் பின்னால் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருக்கும், கூட்டுங்கள். இருநூற்று முப்பதால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று வரும். லைன் தாங்குகிற அளவுக்கு மேலே போனால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கூடவே ஒன்று கேட்டார், அந்தப் பிளக் பாயிண்ட் தொட்டால் சுடுகிறதா, ஒயரின் தோல் சூடேறினால் வருகிற மீன் வாடை மாதிரி ஏதாவது வருகிறதா என்று. எங்கள் வீட்டில் மீன் வாடைக்கு என்ன பஞ்சம், அதை எப்படிப் பிரித்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கையை வைத்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் கிளம்புவதாகச் சொன்ன நாள், அந்தக் கணக்கு நடந்தது. உங்களைச் சிலிண்டருக்கு மாற்றி, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தேன். உங்கள் தம்பி ஸ்டூலில். நான் அறை அறையாக ஓடி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, “இது போச்சு, இது எரியுது” என்று கத்தினேன். நாலு சுவிட்சு தாண்டுவதற்குள் எனக்கே குழம்பிவிட்டது. நீங்கள் கைப்பையைத் துழாவி ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் இருந்தது. மாமா போனதிலிருந்து நீங்கள் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. என் பார்வை உங்களுக்குப் புரிந்துவிட்டது.

“கடையில தொங்கச்சொல்ல வாங்காம வர மனசு வர்ல. இப்பத்தான் ஒரு நெத்தி கெட்ச்சிது அத்துக்கு. ஒட்டு போ.”

முதல் பியூஸைக் கழற்றினால் சாகிற சுவிட்சுக்கெல்லாம் பச்சை. இரண்டாவதுக்குச் சிவப்பு. ஒட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் வீடு முழுக்கப் பச்சைப் பொட்டு. முன்னறை, உள்ளறை, பிரிட்ஜ், குளியலறை வாசலில் ராடு மாட்டுகிற பாயிண்ட், எல்லாம் பச்சை. சமையலறையில் மிக்ஸிக்கும் இரண்டு விளக்குக்கும் மட்டும் சிவப்பு. இந்த வீட்டைக் கட்டியவர் ஒரு மாட்டின் மேலேயே எல்லா மூட்டையையும் ஏற்றிவிட்டு, இன்னொரு மாட்டைச் சும்மா நடத்திக்கொண்டு போயிருக்கிறார்.

அப்புறம் கூட்டல். நான் ஒவ்வொரு சாமானாகக் கவிழ்த்து, பின்னால் எழுதியிருப்பதைப் படித்தேன். நீங்கள் தெலுங்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கணக்கென்றால் தெலுங்குதான் வரும். விரலை மடக்கிக்கொண்டு, “வெய்யி… பதிஹேனு வந்தலு… மூடு வந்தல யாபை…” என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். இஸ்திரிப் பெட்டி ஆயிரம். ராடு ஆயிரத்து ஐந்நூறு. உங்கள் மெஷின் முந்நூற்று ஐம்பது. பிரிட்ஜும் மின்விசிறிகளும் மற்றதும் சேர்த்து இன்னொரு முந்நூற்று ஐம்பது. நான் போனில் வகுத்தேன். பதினாலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்த லைன் பத்துக்குத்தான். அதிலும் எட்டோடு நிறுத்திக்கொண்டால் நல்லது என்று போனில் சொல்லியிருந்தார்.

“பாத்தியா, ஜாஸ்திதான். சொன்னேன் இல்ல?” என்று பையை எடுக்கக் குனிந்தீர்கள்.

“ஒக்காருங்க அண்ணி. யாரு ஜாஸ்தின்னு இப்பத்தானே பாக்கப்போறோம்” என்றேன். ராடை மட்டும் கழித்துவிட்டு மறுபடி வகுத்தேன். ஏழரைகூட வரவில்லை. நீங்கள், நான், பிரிட்ஜ், மின்விசிறி, எல்லாரும் ஒன்றாக ஓடியும் ஏழரை. உங்கள் மெஷின் தனியாக எவ்வளவு என்று போட்டுக் காட்டினேன், ஒன்றரை. ராடு ஒன்றே ஆறரை.

போனை உங்கள் முகத்துக்கு நேராக நீட்டினேன். “நீங்க இல்ல. உங்க தம்பி குளிக்கிற வெந்நீரு. நாலு அண்ணி சேந்தாத்தான் அந்த ஒரு பக்கெட்டு.”

நீங்கள் போனைப் பார்த்தீர்கள், ஸ்டூல் மேல் நிற்கிற தம்பியைப் பார்த்தீர்கள். “வெய்ய காலத்துல வெந்நீரு, தொரைக்கு” என்றீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, நான் பிடித்துக்கொள்ளவேண்டியதாயிற்று. அவர் மட்டும் ஸ்டூலை விட்டு இறங்காமல், “பியூஸ்தான் போவலியே, அப்பறம் இன்னா?” என்று வாதாடினார்.

ஏன் போகவில்லை என்பது மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தபோது தெரிந்தது. அவர் கட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “எவரு சேசாரு இதி?” என்று கேட்டார். யார் செய்த வேலை என்று. உங்கள் தம்பி முன்னால் வந்து நின்றார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. “அறுந்துக்கினே இருந்திச்சி. அத்தான் ரெண்டு இழை சேத்து முறுக்கிக் கட்டிட்டேன்.”

அண்ணி, அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நடக்கப் பழகும் முன் அறுந்த இழையை முடிபோடப் பழகியவர்கள் நீங்கள் எல்லாம். இழை அறுந்தால் அது இழையின் குற்றம், இரட்டையாக முறுக்கினால் அறாது. அக்கா மூச்சு ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்று அவர் முறுக்கிய முறுக்கு அது. அதுதான் உங்களைக் கொன்றிருக்கும். கம்பி அறுந்து தடுக்காததால், சூடெல்லாம் சுவருக்குள் போயிருக்கிறது. எலக்ட்ரீசியன் உங்கள் தலைமாட்டுப் பிளக் பாயிண்டைத் திறந்து காட்டினார். “சூடண்டி, காலிப்போயிந்தி.” பாருங்கள், எரிந்துபோயிருக்கிறது என்று. பின்பக்கம் கருகி, ஒயரின் தோல் அப்பளமாக நொறுங்கியது. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் உங்கள் தலையணை. உங்கள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். 

உங்கள் தம்பி அந்தக் கருகலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டிருந்தால் ஒரு மாதம் சாப்பிட்டிருக்க மாட்டார். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். “தே, இங்க வா. தறியில ஊடை நூலு அறுந்தா தறி தானா நின்னுடும், இல்ல? நிறுத்தறத்துக்கு வெச்சதக் கட்டிப்போட்டா இன்னா ஆவும்?”

“ஓட்ட சேலை வரும்” என்றார், பள்ளிக்கூடப் பையனைப் போல.

“அத்தான் இது. இது அறுறத்துக்குன்னே கட்டின இழைடா. போ, போய் அவருக்கு டீத்தண்ணி வாங்கியா.”

அன்று மாலைக்குள் மெயின் போர்டிலிருந்து உங்கள் கட்டிலுக்கு நேராகப் புது ஒயர் வந்தது, அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பிரேக்கரோடு. பழைய லைனுக்குச் சரியான அளவுக் கம்பி போட்டார்கள். ராடு பரணுக்குப் போயிற்று. வெந்நீர் வேண்டுமென்றால் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பானது. உங்கள் தம்பி இரண்டு நாள் வைத்துப் பார்த்தார், பிறகு குழாய்த் தண்ணீரிலேயே குளித்துவிட்டு, “ஒடம்புக்கு இதான் நல்லது” என்று எங்களுக்கே பாடம் எடுத்தார். துணிப்பையிலிருந்து உங்கள் சேலைகளை எடுத்து நானே அலமாரியில் அடுக்கினேன். நீங்கள் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் போடும் முன் ஒவ்வொரு தடவையும், “அண்ணி, மெஷின் ஓடுதா?” என்று குரல் கொடுப்பேன். “ஓடுது, ஓடுது. நீ தேயி” என்று பதில் வரும். சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து, நான் ஓடி வந்து எட்டிப் பார்ப்பதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பீர்கள். என் தையலில் குறை சொல்லாமல் ஒரு நாள் போனதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் நாம் ஒருவருக்கொருவர் அளந்து அளந்துதான் பேசியிருக்கிறோம். அந்த ஒன்றரை வருஷத்தில்தான் அளக்காமல் பேசினோம். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. உங்களிடம் இதை அப்போது சொல்லவில்லை, நீங்கள் கையைக் காட்டியிருப்பீர்கள்.

அந்த ஆடி மாதத்துக் காலையில் நான் குரல் கொடுத்தபோது, “ம்” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொக்கியைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை. விளையாட்டு என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் புஸ் புஸ்ஸென்று காற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ள நீங்கள்தான் இல்லை.

உங்கள் தம்பி திருப்பதியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அண்டை அயல் பெண்கள் குழாயைக் கழற்றச் சொன்னார்கள், மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். “இருக்கட்டும், ஓடட்டும்” என்று அவர் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார்.  வெகுநேரம் அது ஓடிற்று. கடைசியில் நான் போய் அவரை உட்காரவைத்துவிட்டு நிறுத்தினேன். உங்கள் மெஷினை என் கையால் நிறுத்தியது அந்த ஒரு தரம்தான்.

இனி உங்களுக்குத் தெரியாத சேதி. நீங்கள் இங்கே இருந்தபோது சித்தூரிலேயே தங்கியிருந்த நம் பையனுக்குத் தை மாதம் கல்யாணமாயிற்று. பெண் சத்தியவேடு பக்கம், விவசாயக் குடும்பம். நல்ல பெண், ஆனால் வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான்: “பரவால்ல அத்தே.” மல்லிப்பூ வேண்டுமா, பரவாயில்லை. உடம்பு சுடுகிறதே, பரவாயில்லை. பையன் சித்தூரில் மாம்பழக் கூழ்க் கம்பெனிக்குப் போய் வாரம் ஒருமுறை வருகிறான். மற்ற நாளெல்லாம் அவள் உங்கள் அறையில் சத்தமில்லாமல் இருக்கிறாள். எல்லாரும் என்னிடம், “எவ்ளோ அடக்கமான பொண்ணு” என்கிறார்கள்.  அந்த அறையில் சத்தம் இல்லையென்றால் எனக்குப் பொறுக்காது. அதை நீங்கள்தான் பழக்கிவிட்டீர்கள்.

போன வாரம் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போய், அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். “என்னத்த நிறுத்தி வெச்சிக்கினு கீறே, சொல்லு.”

அவளுக்குப் புரியவில்லை. “ஒண்ணுமில்ல அத்தே.”

“நான் அந்தப் பக்கம் மெஷினப் போட்டதும், நீ இந்தப் பக்கம் எத்த நிறுத்துற?”

 சொன்னாள். அவள் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாம். போனில் கத்தித்தான் பேசவேண்டுமாம். முன்னறையில் அளவு கொடுக்க ஆட்கள் வந்து போகிறார்கள், அத்தை வேலை செய்கிற இடத்தில் கத்தினால் நன்றாக இருக்காதே என்று, கல்யாணமானதிலிருந்து அம்மாவோடு பேசுவதையே விட்டிருக்கிறாள். குறுஞ்செய்தி மட்டும் அனுப்புவாளாம். அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டில் யாராவது படித்துச் சொல்வார்களாம்.

 அவள் போனை எடுத்து அவள் கையில் வைத்தேன். முன்னறைக்குத் திரும்பி வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தேன். முதலில் கிசுகிசுவென்றுதான் கேட்டது. நான் மெஷினை வேகமாக மிதித்தேன். அவள் குரலை உயர்த்தினாள். இன்னும் வேகமாக மிதித்தேன். “அம்மா, துன்னியா? இன்னா கொழம்பு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள்.

நான் மெஷினை நிறுத்தவில்லை அண்ணி. அவளும் நிறுத்தவில்லை. இரண்டும் ஓடுகிறது. வீடு தாங்குகிறது.